அச்சுக் கேட்டலாக்கா, இணையக் கடையா: எதை எங்கே தேர்ந்தெடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள், அடுத்த ஆண்டு மகளின் திருமணமும் வருகிறது. அறைகலன், திரைச்சீலை, சேலை, அழைப்பிதழ், சமையலறைச் சாமான் என்று வாங்க வேண்டியவை ஏராளம். உங்கள் தாயார் அந்தக் காலத்தில் கேட்டலாக்கைப் புரட்டிப் பேனாவால் வட்டமிட்டு வைத்து வாங்கியதுபோல் வாங்குவதா, மகள் சொல்வதுபோல் எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே முடித்துவிடுவதா என்று கேட்கிறீர்கள். கோலாலம்பூரில் ஓர் அச்சகத்தில் கேட்டலாக் பக்கங்களை அச்சுக்கு ஆயத்தம் செய்யும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். பிறகு இணையக் கடைகளுக்குப் பொருள் விவரங்களைப் பதிவேற்றும் வேலையும் பார்த்தேன். இரண்டு பக்கத்து வேலையும் தெரியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். என்ன வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு அச்சுப் பக்கமும் மாதிரிப் புத்தகமும் இன்றும் மேல். தீர்மானித்துவிட்ட பொருளை விலை ஒப்பிட்டு வாங்குவதற்கு இணையக் கடை மேல். கேட்டலாக்கில் பொறுக்கி எடுக்கும் வேலையைக் கடைக்காரரே செய்து, தம் பெயரையும் விலையையும் போட்டு உங்கள் கையில் தருகிறார். இணையக் கடையில் அந்த வேலையில் பாதி உங்கள் தலையில் விழுகிறது; மறு பாதியை உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசைப்படுத்தும் முறை செய்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தப் பொருளுக்கு எங்கே போவது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

ஒரு கேட்டலாக் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். நடுவில் கம்பி அடித்துக் கட்டும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை எப்போதும் 4இன் மடங்காகத்தான் இருக்க முடியும். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும் என்பதே காரணம். 32 பக்கம் என்று முடிவாகிவிட்டால் 33ஆம் பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே அறைகலன் கடைக்காரர் தம் கிடங்கில் உள்ள நாற்காலி வகைகள் எல்லாவற்றையும் உள்ளே விட முடியாது. பெரும்பகுதியை அவரே கழித்தாக வேண்டும். படப்பிடிப்பு, வடிவமைப்பு, அச்சுத் தகடு, தாள், மை என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் பணம் போகிறது. விற்காத பொருளுக்கு அங்கே இடம் கொடுப்பது நேரடி நட்டம். இந்த வணிகத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு: ஒரு பொருள் ஈட்டிய விற்பனையை, அது பக்கத்தில் பிடித்திருந்த சதுர அங்குலத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். அடுத்த பதிப்பில் அதன் இடம் கூடுவதும் குறைவதும் அந்த விடையைப் பொறுத்தது. நடுப்பக்கமும் வலக்கைப் பக்கமும் யாருக்கு என்பதில் கடையின் கொள்முதல் பிரிவுக்குள் பெரிய வாக்குவாதமே நடக்கும்.

விலையும் அப்படித்தான். அச்சுக்குப் போகும் நாளில் அது உறைந்துவிடுகிறது; இன்ன தேதி வரை செல்லும் என்று அடிக்குறிப்பு போட்டால் அதற்குக் கடை கட்டுப்பட்டாக வேண்டும். ஒரு சுழியம் விடுபட்டால் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும், அல்லது நட்டத்தைத் தாங்க வேண்டும். அதனால் சரிபார்ப்புப் படியை வடிவமைப்பாளர் பார்ப்பார், கொள்முதல் அலுவலர் பார்ப்பார், கடைசியில் உரிமையாளர் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் கையொப்பமிடுவார். கையொப்பம் இல்லாத பக்கத்துக்கு நாங்கள் தகடு எடுக்க மாட்டோம். நீங்கள் புரட்டிய பக்கத்துக்குப் பின்னால் இத்தனை பேருடைய பொறுப்பு இருந்தது. பினாங்கில் உங்கள் வீட்டுக்கு வந்த பக்கமும் கோலாலம்பூரில் என் வீட்டுக்கு வந்த பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நம்பிக்கை தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஆரன் மோண்ட்கோமெரி வார்ட் 1872இல் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு, கிராமத்து விவசாயிகளுக்கு அஞ்சல்வழி விற்கத் தொடங்கினார். கண்ணால் பார்க்காத பொருளுக்கு முன்பின் அறியாத ஒருவருக்குப் பணம் அனுப்ப யார் துணிவார்? அதனால்தான் 1875இல், பிடிக்கவில்லை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியை அவர் கொடுக்க நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த சியர்ஸ் நிறுவனம் தையல் இயந்திரத்திலிருந்து முழு வீட்டுக்கான மரச் சட்டங்கள் வரை கேட்டலாக்கில் விற்றது. 1908 முதல் 1940 வரை அப்படி விற்கப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 70,000 என்று கணக்கிடப்பட்டுள்ளது. அந்த நாட்டின் அஞ்சல் துறை கிராமப்புற வீடுகளுக்கு இலவச விநியோகத்தை 1896இலும் பொட்டல அஞ்சலை 1913இலும் தொடங்கியது இந்த வணிகத்துக்குப் பெரும் துணையாக இருந்தது. சியர்ஸ் தன் பெரிய கேட்டலாக்கை 1993இல் நிறுத்தியது. அமேசான் தொடங்கப்பட்டது 1994இல். இன்றைய இணையக் கடையின் மூன்று தூண்களான தொலைவிலிருந்து வாங்குதல், வீட்டு வாசலில் பெறுதல், பிடிக்காவிட்டால் திருப்புதல் ஆகிய மூன்றும் அச்சுக் கேட்டலாக் போட்ட பாதையே.

நம் நாட்டில் உங்கள் தலைமுறைக்கு நன்கு நினைவிருப்பது அறைகலன் நிறுவனமான ஐகியாவின் கேட்டலாக்காக இருக்கும். சுவீடனில் 1951இல் தொடங்கிய அந்தப் புத்தகம், 2016இல் உச்சத்தைத் தொட்டபோது 32 மொழிகளில் 20 கோடிப் படிகள் அச்சாயின. 2020 டிசம்பரில் அதை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. 2021ஆம் ஆண்டுக்கான பதிப்பே கடைசி. மலேசியாவில் அதன் முதல் கடை 1996இல் பெட்டாலிங் ஜெயாவில் திறக்கப்பட்டது. பினாங்கு மாநிலத்தின் பத்து காவான் கடை 2019இல் வந்தது. அதாவது உங்களுக்கு அருகில் கடை வந்த ஓரிரு ஆண்டுகளிலேயே புத்தகம் நின்றுவிட்டது.

அச்சில் வந்தால் உண்மை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே ஐகியா 2006இலேயே ஒரு நாற்காலியின் படத்தை ஒளிப்படம் எடுக்காமல் கணினியிலேயே உருவாக்கிக் கேட்டலாக்கில் சேர்த்தது. பிறகு அத்தகைய படங்களின் பங்கு ஆண்டுக்காண்டு கூடியது. அச்சுப் பக்கத்தில் நீங்கள் காணும் வரவேற்பறைகளில் பல, எங்கேயும் இல்லாத அறைகள். எங்கள் அச்சகத்திலும் மேசையின் கால்களை மெல்லியதாகக் காட்டுவதும், கட்டிலைப் பெரிய அறையில் போட்டுச் சிறியதாகக் காட்டுவதும் அன்றாட வேலைதான். ஆனால் கேட்டலாக் செய்த மிகையைப் பத்து நாள் கழித்தும் அதே பக்கத்தில் காட்டிக் கேள்வி கேட்க முடிந்தது. இணையத்தில் நேற்று இருந்த படமும் விலையும் இன்று மாறிவிட்டால், நேற்று என்ன இருந்தது என்பதற்கு உங்களிடம் சான்று கிடையாது.

இனி நிறத்துக்கு வருகிறேன். திருமணத்துக்குச் சேலை வாங்கப் போகிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அச்சு இயந்திரம் சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைப் புள்ளி புள்ளியாகக் கலந்துதான் எல்லா நிறத்தையும் உண்டாக்குகிறது. இந்த நான்கால் எட்ட முடியாத நிறங்கள் உண்டு: பளிச்சென்ற ஆரஞ்சு, கிளிப்பச்சை, அடர்ந்த மின்னல் நீலம். வாடாமல்லியும் அரக்கும் ஓரளவு வரும். ஆனால் அரக்கில் கறுப்பு சற்றுக் கூடினால் காப்பிப் பொடி நிறமாகிவிடும். ஆகவே துணிக்கடைக்காரர் சேலையையே அச்சகத்துக்குக் கொண்டுவருவார். பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் ஒளி விழும் பெட்டிக்குள் சரிபார்ப்புப் படியையும் சேலையின் மடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மெஜந்தாவை இரண்டு புள்ளி ஏற்று, மஞ்சளை ஒரு புள்ளி இறக்கு என்று பொறுமையாகத் திருத்துவோம். முந்தானைச் சரிகையை மட்டும் எவ்வளவு முயன்றாலும் சாதாரண நான்கு மையில் கொண்டுவர முடியாது. மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு சாயலைத்தான் கண் சரிகை என்று ஏற்றுக்கொள்கிறது.

கைப்பேசித் திரை ஒளியால் நிறம் காட்டுவதால் அச்சு எட்டாத பச்சையும் ஆரஞ்சும் அதில் வந்துவிடும். ஆனால் அங்கே யாரும் சேலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்லை. எடுத்தவர் கைப்பேசி ஒரு விதமாக நிறத்தை ஏற்றும், பதிவேற்றும் தளம் கோப்பைச் சுருக்கும், உங்கள் திரையின் வெளிச்சம் இன்னொரு விதமாகக் காட்டும். மயில் கழுத்து நிறச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீள இழையான பாவில் ஒரு நிறமும் குறுக்கு இழையான ஊடையில் இன்னொரு நிறமும் ஓடுவதால், துணி அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். அசையாத எந்தப் படத்தாலும், அச்சாக இருந்தாலும் திரையாக இருந்தாலும், அதைக் காட்ட முடியாது. காணொளி ஓரளவு காட்டும். ஆகவே இணையத்தில் சேலை வாங்குவதானால், பகல் வெளிச்சத்தில் சேலையை விரித்து அசைத்து எடுத்த காணொளியை விற்பவரிடம் கேளுங்கள். கையிருப்பில் சேலை உள்ளவர் சில மணி நேரத்தில் அனுப்பிவிடுவார். அனுப்பத் தயங்குபவரிடம் பெரும்பாலும் படம் மட்டுமே இருக்கும்.

அந்தப் படம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சூரத்திலிருந்து வரும் செயற்கை இழைச் சேலைகளும் சுடிதார் துணிகளும் மொத்த வணிகத்தில் கேட்டலாக் தொகுதிகளாகவே விற்கப்படுகின்றன. ஒரு தொகுதிக்கு ஒரு பெயர். அதன்கீழ் ஆறோ எட்டோ பன்னிரண்டோ வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். விளம்பர அழகி உடுத்திய ஒரு படம். இணையக் கடையில் ஒரே சேலையை, ஒரே பெண் ஒரே மாதிரி நின்றிருக்கும் படத்தோடு, பத்துப் பேர் பத்து விலைக்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் எடுத்துப் போட்டது அந்தத் தொகுதியின் படத்தைத்தான். அவர்களில் சிலர் அசல் துணியை அனுப்புவார்கள். சிலர் அந்த வடிவத்தைப் பார்த்து மலிவாக அச்சிட்ட துணியை அனுப்புவார்கள். படத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. தொகுதியின் பெயரையும் வடிவ எண்ணையும் கேளுங்கள். வாங்கியவர்கள் தங்கள் வீட்டில் எடுத்துப் போட்ட படங்களைத் தேடிப் பாருங்கள்.

முகூர்த்தப் பட்டு என்றால் என் கருத்து இன்னும் கடுமையானது. அதை இணையத்தில் வாங்காதீர்கள். காஞ்சிபுரம் பட்டின் எடையும், சரிகையின் கனமும், உடலும் கரையும் இணையும் இடத்தின் உறுதியும் கைக்குத்தான் தெரியும். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பார்த்துத் திருப்தி இல்லையென்றால், ஒரு நாள் கோலாலம்பூருக்கு வந்து மஸ்ஜிட் இந்தியா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஏறி இறங்குங்கள். அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றித் தருவார்களா என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

அழைப்பிதழுக்கும் இதே காரணம் பொருந்தும். நம் ஊர் அச்சகங்களில் இருக்கும் தடித்த அட்டை ஆல்பங்களில் பெரும்பாலானவை சிவகாசியிலிருந்து வருபவை. மேடாக எழும்பிய பிள்ளையார் உருவம், பொன்தகடு அழுத்திய எழுத்து, அட்டையின் தடிமன் ஆகியவற்றை விரலால் தடவித்தான் தேர்ந்தெடுக்க முடியும். இணையத்தில் வார்ப்புருவில் பெயரை நிரப்பி அனுப்பினால் விலை குறைவுதான். ஆனால் தமிழ் எழுத்துக்கு வசதி செய்யப்படாத வடிவமைப்பு மென்பொருளில், கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதற்குப் பதிலாகப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மணமகன் பெயரில் கோ இருந்தால் அது மூன்று துண்டாக உடைந்து நிற்கும். தமிழ் தெரியாத பணியாளர் கண்ணுக்கு அது பிழையாகவே படாது. எங்கே அச்சடித்தாலும் சரி, அச்சுக்குப் போகும் கோப்பின் படியைக் கேட்டு வாங்கி, கொம்பும் கொம்புக்காலும் வரும் ஒவ்வோர் எழுத்தையும் வீட்டில் இருவர் தனித்தனியாகப் படித்துப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.

திரைச்சீலை, சுவர்ச் சாயம், சமையலறை அலமாரியின் மேற்பலகை ஆகியவற்றுக்கு இன்றும் கடைகளில் மாதிரிப் புத்தகமும் நிற அட்டையும் வைத்திருக்கிறார்கள். உண்மையான துணித் துண்டும் பலகைத் துண்டும் ஒட்டப்பட்ட அந்தப் புத்தகங்களை ஓரிரு நாள் வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டால் பல கடைகள் மறுப்பதில்லை. காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் உங்கள் சுவரருகே வைத்துப் பாருங்கள். தாலி, நகை வடிவங்களுக்குப் பொற்கொல்லர் வைத்திருக்கும் டிசைன் புத்தகமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இணையக் கடை எங்கே தோற்கிறது என்பதையே சொல்லிக்கொண்டு போவது நியாயமாகாது. அளவும் திறனும் எழுத்தில் எழுதக்கூடிய பொருள்களில் அதற்கு ஈடு கிடையாது. மாவரைக்கும் கிரைண்டர் வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை லிட்டர், எத்தனை வாட், கல் எத்தனை, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, உதிரி வாரும் பிடியும் இங்கே கிடைக்குமா என்பவைதான் கேள்விகள். அச்சுக் கேட்டலாக்கில் இதற்கு இரண்டு வரி இடம் ஒதுக்கினாலே பெரிது. இணையத்தில் முழு விவரமும் கிடைக்கிறது. வாங்கி ஓராண்டு அரைத்தவர் எழுதிய கருத்தும் கிடைக்கிறது. வார் எத்தனை மாதத்தில் தளர்ந்தது, சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதா என்றெல்லாம் எந்தக் கடைக்காரரும் தம் கேட்டலாக்கில் அச்சிட மாட்டார். நட்சத்திர எண்ணிக்கையைப் பார்க்காமல், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். பொருளை உண்மையாகப் பயன்படுத்தியவர்களின் நிதானமான பேச்சு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மின்சாரப் பொருளாக இருந்தால் ஒன்றைத் தவறாமல் பாருங்கள். மலேசியாவில் விற்கப்படும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீட்டு மின்சாதனங்களுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் என்ற தரச்சான்று நிறுவனத்தின் ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து நேரடியாக வரும் கிரைண்டருக்கும் மிக்சிக்கும் பிளக் வேறு. இங்குள்ள சேவை மையம் அவற்றின் உத்தரவாதத்தை ஏற்காமல் போகலாம். விலை நூறு ரிங்கிட் குறைவாக இருந்தாலும் ஒட்டுவில்லை இல்லாததை வாங்க வேண்டாம்.

இனி இணையக் கடையின் வரிசையைப் பற்றி. நீங்கள் கட்டில் என்று தேடினால் முதலில் வருபவை சிறந்தவை என்றோ மலிவானவை என்றோ நினைக்க வேண்டாம். விளம்பரத்துக்குப் பணம் கட்டியவை மேலே ஏறுகின்றன. அருகில் சிறு எழுத்தில் விளம்பரம் என்ற குறி இருக்கும். மற்றவை விற்பனை எண்ணிக்கை, நீங்கள் முன்பு எவற்றைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்பது போன்ற பலவற்றைக் கொண்டு வரிசையாகின்றன. அதனால் உங்கள் கைப்பேசியில் தெரியும் பக்கமும் மகளின் கைப்பேசியில் தெரியும் பக்கமும் வேறு வேறு. கேட்டலாக்கின் சதுர அங்குலக் கணக்கும் ஒருவகைச் சாய்வுதான். ஆனால் அது எல்லாருக்கும் ஒரே சாய்வாக இருந்தது, யாருடைய சாய்வு என்பதும் அட்டையிலேயே எழுதியிருந்தது.

விலை காட்டும் முறையிலும் எச்சரிக்கை தேவை. தேடல் பக்கத்தில் அறைகலன் ஒன்றின் விலை 9 ரிங்கிட் 90 சென் என்று இருக்கும். உள்ளே போனால் அது திருகாணிப் பையின் விலை. அலமாரியின் விலை 389 ரிங்கிட் என்று அடுத்த பொத்தானை அழுத்தினால்தான் தெரியும்; ஒரே பொருளின் வகைகள் என்ற பெயரில் இரண்டையும் ஒரே பக்கத்தில் கட்டிவைத்திருப்பார்கள். அனுப்புச் செலவு தீபகற்பத்துக்குள் ஒன்று, சபா சரவாக்குக்கு இன்னொன்று. தள்ளுபடிப் பற்றுச்சீட்டு செல்லுபடியாக இன்னும் பதினைந்து ரிங்கிட்டுக்கு வாங்குங்கள் என்று கேட்கும்போது, தேவையில்லாத கரண்டி ஒன்று கூடையில் ஏறிவிடும். பணம் கட்டும் கடைசித் திரை வரை போய், அங்கே தெரியும் தொகையை ஒரு தாளில் எழுதி ஒப்பிடுவதே சரியான ஒப்பீடு. வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள். தேடும்போது மலாய்ப் பெயரிலும் ஆங்கிலப் பெயரிலும் தனித்தனியாகத் தேடுங்கள். விற்பவர்கள் வேறு, விலையும் வேறாக இருக்கும்.

குடும்பமாகச் சேர்ந்து தேர்ந்தெடுப்பதில் அச்சுப் பக்கத்துக்கு உள்ள வசதியை நான் மிகவும் மதிக்கிறேன். மேசைமேல் விரித்து வைத்த ஒரு புத்தகத்தைப் பாட்டி, அத்தை, மணப்பெண் மூவரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். மூலையை மடித்து வைக்கலாம். இது வேண்டாம், பின்பக்கத்தில் இருந்ததே அது என்று சுட்டிக்காட்டலாம். எவோன் போன்ற அழகுசாதன நிறுவனங்களின் சிறு புத்தகத்தை அக்கம்பக்கத்து அக்கா ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் கழித்து ஆர்டர் தாளை வாங்கிப்போனதற்கும் இந்த வசதியே அடிப்படை. பொருளில் குறை என்றால் அந்த அக்காவிடமே போய் நிற்கலாம். கைப்பேசியில் வேலை ஒருவர் கையில் ஒடுங்கிவிடுகிறது. வாட்ஸ்ஆப் குழுவில் முப்பது இணைப்புகளை அனுப்பினால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் திறந்து, அங்கிருந்து வேறு எங்கோ போய்விடுவார்கள். இதற்கு எளிய வழி உண்டு. பார்த்தவற்றில் பிடித்த ஆறு ஏழை மட்டும் படம், அளவு, முழு விலை, விற்பவர் பெயர் ஆகியவற்றோடு ஒரே தாளில் அச்சிட்டு மேசையில் வையுங்கள். பெரியவர்கள் நிதானமாகப் பார்த்துச் சொல்வார்கள். முடிவும் சீக்கிரம் வரும்.

அறைகலனைப் பொறுத்தவரை உங்களுக்குப் பத்து காவான் ஐகியா கடை அருகில் இருப்பது நல்ல வாய்ப்பு. வீட்டு அறைகளையும் கதவகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் செண்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் அளவு பொருந்துபவற்றைச் சலித்து எடுத்து, பிறகு கடைக்குப் போய் உட்கார்ந்தும் இழுத்தும் பாருங்கள். அறைகலன் எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நேரே கடைக்குப் போனால் காட்சியறையின் வெளிச்சத்தில் அளவு மறந்துவிடும்.

தீபாவளிக்கு முன் பேரங்காடிகள் கதவிடுக்கில் செருகிப்போகும் விளம்பரத் தாள்களைப் பற்றியும் கேட்டீர்கள். அவை எண்ணெய், மாவு, பருப்பு வாங்க உதவும். தேதியையும் ஒருவருக்கு எத்தனை என்ற வரம்பையும் படித்துவிட்டுப் போங்கள். பண்டிகைக் காலத்தில் உள்நாட்டு வாணிப அமைச்சு சில பொருள்களுக்கு உச்ச விலையை அறிவிக்கிறது. அதோடு ஒப்பிட்டால் தாளில் உள்ளது உண்மையான தள்ளுபடியா என்று தெரிந்துவிடும்.

கடைசியாகச் சட்டம். இணையத்தில் விற்பவர் தம் பெயர், நிறுவனப் பதிவு எண், முகவரி, தொடர்பு விவரம், பொருளின் முக்கியத் தன்மைகள், வரியும் அனுப்புச் செலவும் சேர்ந்த முழு விலை, பொருள் வந்துசேரும் உத்தேசக் காலம் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்று மின்வணிக ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை அவை. இந்த விவரங்களைக் காட்டாத விற்பனையாளரிடம், குறிப்பாகச் சமூக ஊடகப் பக்கத்தில் மட்டும் இருப்பவரிடம், முன்பணம் கட்டாதீர்கள். வாங்கும் நாளிலேயே பொருள் பக்கம், விலை, உரையாடல் ஆகியவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். அச்சுக் கேட்டலாக் தானாகக் கொடுத்த சான்றை இங்கே நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியும்படி காணொளி எடுங்கள். குறை இருந்தால், பொருள் பெற்றதாக உறுதிசெய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தளத்தில் முறையிடுங்கள்; பெரிய தளங்களில் அதுவரை உங்கள் பணம் விற்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அதிலும் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்; பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்; வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நேரில் பேசலாம். எழுத்து வேலைக்கும் ஆலோசனைக்கும் ஜார்ஜ்டவுனில் உள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், தமிழிலேயே பேசலாம். விற்பவர் மலேசியாவில் இல்லை என்றால் நடுவர் மன்றத்தின் தீர்ப்பை நிறைவேற்ற வைப்பது மிகவும் கடினம். ஆகையால் அறைகலன், மின்சாதனம், திருமணச் சாமான் போன்ற பெரிய தொகைக்குரியவற்றை, விலை சற்றுக் கூடினாலும், உள்நாட்டு முகவரியும் பதிவு எண்ணும் உள்ளவரிடமே வாங்குங்கள்.